நீர் வரவில்லை

அன்று காலை நிலையத்தில் இருந்தவர்கள்: நான், எங்கள் பொறுப்பதிகாரி அக்கா, குழாய் பொருத்துநர் பயிற்சியின் எட்டாவது பரீட்சார்த்தி தர்சிகா, முதல்நாள் செய்த பிழைக்குத் தண்டனையாக நிலம் துடைத்துக்கொண்டிருந்த கஜன். ஒரு கதிரைக்கு மேல் இன்னொரு கதிரை, அதற்கு மேல் ஒரு செங்கல், செங்கல்லில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசி, அதற்குள் வவுனியாவிலிருந்து மதிப்பீட்டாளர். வராதது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

‘தண்ணீர்’ என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி எழுதவில்லை. அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

இப்படியான அனுபவங்களை ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதே வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த மாதத்தோடு தீவகத்தை விட்டு இடமாற்றத்தில் போகிறேன், அவ்வளவுதான். “போக முதல் புதுப் போதனாசிரியர்மாருக்கு ஏதும் எழுதிக் குடும்” என்று அக்கா சொன்னார். கதவுவரை போனவர் திரும்பி, “உம்மடை தமிழில எழுதாதையும். விளங்கிற தமிழில எழுதும்” என்றார். குழாயை எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. நான் சொல்லப்போவது கைநூலில் இல்லை. கைநூல் தமிழால் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா வேலி அடைப்பார், பனை தறிப்பார், வங்கிக்குப் போனால் பெருவிரலை நீட்டுவார். அயலில் யாருக்காவது அரச கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். பதினான்கு வயதிலேயே ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கிப் பதில் எழுதப் பழகிவிட்டேன். அப்படி வளர்ந்தவனுக்குப் பேசுகிற தமிழில் எழுதுவது, வீட்டில் கட்டுகிற சாரத்தோடு கந்தோருக்குப் போவதுபோல. வாயைத் திறந்தால் தண்ணி. பேனாவைத் திறந்தால் நீர்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘நீர்’ என்றால் எதிரில் நிற்கிற ஆள். ‘நீ’ குறைந்துபோகும், ‘நீங்கள்’ கூடிப்போகும் என்கிற இடத்தில் ‘நீர்’. குடிக்கிற சாமானுக்கு அந்தப் பெயரை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. பேனா பிடித்ததும் மறந்துவிடும்.

தீவில் குழாய் பொருத்துநர் பயிற்சி நடத்துவதே பலருக்குப் பகிடி. கிணறுகள் முக்கால்வாசி உவர். குடிக்கிறதற்குப் பவுசரில், தாங்கி பூட்டிய லொறியில், வரும். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஐயா கேட்டார்: “தண்ணி இல்லாத ஊரில பைப் படிப்பிக்கிறீரோ தம்பி? அப்ப பனி இல்லாத ஊரில கம்பளி விக்கிறவன் உமக்கு அண்ணன்.” நான் அவருக்கு வேலைவாய்ப்புச் சந்தையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார். அது அவருடைய தரிப்பு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெருந்தொற்று வந்து நிலையத்தைப் பூட்டியதும் பாடம் வட்ஸ்அப்புக்குப் போனது. பயிலுநர்கள் எட்டுப் பேர். வீட்டில் இருக்கிற குழாயில் பழகுங்கள் என்று ஒவ்வொரு பாடமாக எழுதி அனுப்பினேன். மூன்றாம் பாடத்தில் ஒரு வரி: ‘நீர் முற்றாக நின்றபின் இணைப்பைக் கழற்றவும்.’

கஜன் அல்லைப்பிட்டியில் பெரியம்மா வீட்டில் இருந்தான். அனுப்பி ஒரு மணித்தியாலத்தில் அவனிடமிருந்து அழைப்பு. பின்னால் ஒரு பெண்குரல் உச்சத்தில் ஏசிக்கொண்டிருந்தது.

“சேர், ஒரு சின்னப் பிரச்சினை. தாங்கித் தண்ணி முழுக்கப் போட்டுது.”

“இணைப்பைக் கழட்ட முதல் என்ன செய்யச் சொன்னனான்?”

“நிண்டனான் சேர்.”

“என்ன நிண்டனீர்?”

“முற்றா நிண்டனான். குந்தியிருந்து செய்யப்படாதாக்கும் எண்டு எழும்பி, நேரா நிண்டுதான் கழட்டினனான்.”

பவுசரில் வாங்கிய ஒரு கிழமைத் தண்ணீர் பெரியம்மாவின் முற்றத்தில் ஓடி, கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு வீதிக்குப் போனது. “வாசிச்சு விளங்கத் தெரியாதோ?” என்று நானும் பெரியம்மாவோடு சேர்ந்து ஏசினேன். ஒருவன் பிழையாக விளங்கினால் முதலில் சொன்னவனைச் சோதிக்க வேண்டும். நான் கேட்டவனைச் சோதித்தேன். அந்த வரியைத் திருப்பி ஒருமுறை வாசித்திருந்தால் இந்தக் கட்டுரை இந்த இடத்தோடு முடிந்திருக்கும்.

தர்சிகா சுருவில் என்ற ஊர்ப் பிள்ளை. வகுப்பில் ஒரேயொரு பெண். தோட்டம் செய்கிற கமக்காரக் குடும்பம். தகப்பன் இல்லை, தாய்தான் எல்லாம். ‘பெட்டைப் பிள்ளை பைப்படிக்கப் போறாளாம்’ என்று சித்தப்பா ஒருவர் ஊரெல்லாம் சிரித்த சிரிப்பைப் பொருட்படுத்தாமல் தாய் அனுப்பியிருந்தார். மண்கும்பான் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியை அப்போது தனிமைப்படுத்தல் நிலையமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு குளியலறை, பெண்கள் பகுதிக்குள் போய்வரக்கூடிய ஒரு குழாய் வேலையாள் வேண்டும். பரீட்சையில் சித்தியடைந்ததற்கு ஒரு கடிதம் காட்டினால் வேலை தருவதாகத் தர்சிகாவுக்குச் சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளம். அந்த வீட்டில் அதுவரை மாதத்தில் ஒரு திகதி என்று சொல்லி எந்தக் காசும் வந்ததில்லை.

ஊரடங்கு தளர்ந்த ஓர் இடைவெளியில் செயன்முறைப் பரீட்சையை வைத்தோம். மாவட்டம் தாண்ட அனுமதி இல்லாததால் மதிப்பீட்டாளர் வீடியோவில் பார்ப்பது, நான் படிவத்தில் குறிப்பு எழுதி அனுப்புவது என்று ஏற்பாடு. கூட்டம் கூடாமல் முதல்நாள் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஏழாவது ஆள் கஜன். அவன் பொருத்திய மூட்டு வெடித்துப் பறந்தது. இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தான். ஆனால் அதற்கிடையில் தாங்கியின் அடி தெரிந்துவிட்டது. அடுத்தநாள் காலைக்குப் பவுசர் சொல்லி வைத்தேன். விடியப் பார்த்தால் பவுசர்க்காரரின் வீட்டு வாசலில் ‘தனிமைப்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒட்டியிருந்தது.

தர்சிகா இரண்டு மணித்தியாலத்தில் கைகழுவும் தொட்டிக்கும் குளியலறைக்கும் குழாய் பூட்டி முடித்தாள். “இந்தப் பிள்ளை என்ரை வீட்டுக்கு ஒருக்கா வருவாவோ? குசினிப் பைப் மூண்டு மாதமா ஒழுகுது” என்று மதிப்பீட்டாளரே கேட்டார். அவள் தண்ணீர்த் திருகைத் திறந்தாள். ‘உஸ்’ என்று காற்று வந்தது. அதோடு சரி.

“பரவாயில்லைத் தம்பி” என்றார் மதிப்பீட்டாளர். “தண்ணி வந்த பிறகு ஒருக்கா ஓடவிட்டுக் காட்டும், நான் சித்தி போடுறன். இப்ப குறிப்பை எழுதி அனுப்பும்.”

எத்தனை நாளைக்குள் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடைசி நாள் எது என்று கேட்காமல் எதையும் தள்ளி வைக்காதீர்கள்.

படிவத்தின் கடைசி நிரல் ‘பரீட்சார்த்திக்கு அறிவிக்க வேண்டியவை’. முதல்நாள் ஏழு பேருக்கும் அதில் அழகாக எழுதியிருந்தேன். ‘நீர் நேர்த்தியாகச் செய்துள்ளீர்.’ ‘நீர் அளவெடுப்பதில் கவனம் செலுத்த வேண்டும்.’ கஜனுக்கு, ‘நீர் அவசரப்படுகிறீர்.’ எட்டாவது படிவத்தை எடுத்து, தர்சிகாவின் பெயருக்கு நேரே, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்:

‘நீர் வரவில்லை.’

படம் பிடித்துத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

அதற்குள் மறுபடி பயணத்தடை. நாட்கள் போயின. ஒரு பிற்பகல் வாசல் படலையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. தர்சிகா மிதிக்க, பின் கரியரில் அவளுடைய அம்மா. கையில் பொலித்தீன் பை. பைக்குள் ஒரு கடிதம்.

“சேர், இதை வாசியுங்கோ. கொரோனா ஒட்டியிருக்கும் எண்டு நாலு நாள் கொடியில காயவிட்டு, மஞ்சள் தண்ணி தெளிச்சு, நேற்றுப் பின்னேரம்தான் உடைச்சனாங்கள்.”

மஞ்சள் படிந்த இடங்களுக்கு நடுவே வாசித்தேன். ‘நீர் மேற்படி பரீட்சைக்குச் சமுகமளிக்காமையினால், ஆறு மாதங்களின் பின்னரே மீண்டும் தோற்ற முடியும்.’

“அண்டைக்குக் காலமை நானே சோறு கட்டிக் குடுத்து, பாஸ் எடுத்து அனுப்பினனான்” என்றார் அம்மா. “இவள் வரேல்லையாம். கந்தோர் பொய் சொல்லுமே? அப்ப சோத்தோட எங்கை போனவள்? ஆரோட திண்டவள்?”

“சேர், நான் எங்கை நிண்டனான் எண்டு சொல்லுங்கோ” என்றாள் தர்சிகா. “நேற்றையில இருந்து கோட்டுக் கூண்டில நிக்கிற மாதிரி நிக்கிறன். ஆர் அவன், ஆர் அவன் எண்டு கேட்டபடி.”

“இஞ்சைதான் நிண்டவ, அம்மா. நான் பார்த்தனான்” என்றேன்.

“நீங்கள் பார்த்தனீங்கள். அப்ப ஏன் கடுதாசி பார்க்கேல்லை?”

பொறுப்பதிகாரி அக்கா படிவக் கோவையோடு வந்தார். படிவத்தின் பிரதி எங்கே என்று தேடிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“இந்தப் பிள்ளைக்கு நீர் என்ன எழுதினீர்?”

“நீர் வரவில்லை எண்டு.”

“நான் வந்தனான். உமக்கு முதல் வந்து கதவு திறந்தனான்.”

“நீங்கள் இல்லை அக்கா. நீர்.”

“நானோ நீரோ, ஆர் வரேல்லை?”

“தண்ணி, அக்கா.”

அக்கா படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பெருந்தொற்றுத் தொடங்கியபின் நான் அவருடைய பல்லைக் கண்டது அன்றுதான். தர்சிகாவின் அம்மா சிரிக்கவில்லை.

“ஆறு மாதம் எண்டால் அந்த வேலை போட்டுது சேர். வாற திங்கள் ஆள் வேணுமாம். இவள் சும்மா வீட்டில இருந்தால், சித்தப்பன் கொண்டுவந்து வைச்சிருக்கிற சம்பந்தத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?”

தலைமைக் கந்தோருக்குப் போன் அடித்தேன். படிவங்களைப் பதிகிற எழுதுவினைஞர் ஒரு மிஸ். அவசரத்தில் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்.

“மிஸ், தர்சிகா வந்தவ. நீர்தான் வரேல்லை.”

மிஸ் திருப்பிக் கேட்டார்.

“நான் ஏன் தம்பி வரவேணும்? எனக்கு அங்கை என்ன வேலை?”

“ஐயோ, நீங்கள் இல்லை மிஸ். நீர்.”

“ஒருக்கா நீங்கள் எண்டுறீர், ஒருக்கா நீர் எண்டுறீர். மரியாதை குடுக்கிறதெண்டால் ஒண்டில நில்லும்.”

அக்கா போனை என்னிடமிருந்து பிடுங்கி, “தண்ணி, தங்கச்சி, தண்ணி! குடிக்கிற தண்ணி!” என்று கத்தினார். அந்த மிஸ் சொன்னது நியாயம். அதை இன்றுவரை என்னால் மறுக்க ஏலவில்லை: “ஏழு பேருக்கு ‘நீர்’ ஆள். எட்டாவதுக்கு மட்டும் தண்ணி எண்டு நான் சாத்திரம் பார்த்தே கண்டுபிடிக்கிறது?”

பிறகு குரல் இறங்கி வந்தது. தண்ணீர் இல்லாமல் நின்றுபோன பரீட்சை என்றால் பதினான்கு நாளுக்குள் முடிக்கலாம். மதிப்பீட்டாளர் பார்த்து ஓம் என்று சொன்னால் சித்திக் கடிதம் உடனே அனுப்பலாம். பதினான்கு தாண்டினால் ஒருவராலும் ஒன்றும் ஏலாது.

விரல்விட்டு எண்ணினேன். அன்றைக்குப் பதின்மூன்று.

பவுசர்க்காரரைப் போனில் எடுத்தேன். அவர் இன்னும் உள்ளே. நிலையத்துக் கிணற்றுக்குள் வாளியை விட்டேன். கோடை, அடிமண்தான் வந்தது. குழுவில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருவரிடம் ஒரு கான், ஒருவரிடம் ஒரு பீப்பா, ஒருவருடைய மாமாவிடம் உழவு இயந்திரம் இல்லாமலா போகும் என்று நினைத்து, வட்ஸ்அப்பைத் திறந்து எழுதினேன். அக்கா சிரித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

‘அவசரம். நாளை காலை எட்டு மணிக்கு நிலையத்திற்குக் கட்டாயம் நீர் வரவேண்டும். நீர் வராவிட்டால் தர்சிகா ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.’

ஆறு ‘ஓம் சேர்’ உடனே வந்தன. கஜனின் பதில் கொஞ்சம் பிந்தி வந்தது. ‘ஓம் சேர். எனக்கு இது தெரியாது சேர். நன்றி சேர்.’ எதற்கு நன்றி என்று விளங்கவில்லை. நல்ல பொடியன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு ஏழு பேரும் படலையடியில் நின்றார்கள். சோதனைச்சாவடியில் கெஞ்சி, தோட்டத்துக்குள்ளால் சுற்றி, ஒருவரும் பிந்தாமல் வந்திருந்தார்கள். ஏழு பேருடைய கையும் வெறுங்கை.

“தண்ணி எங்கை?” என்றேன்.

“எந்தத் தண்ணி சேர்? எங்களைத்தானே வரச்சொன்னீங்கள்?”

ஒருவன் மட்டும் பையைத் துழாவி அரைப் போத்தல் தண்ணீரை எடுத்து நீட்டினான். “குடிக்கக் கொண்டுவந்தனான் சேர். களைச்சுப்போனீங்களோ?”

அந்த நேரம் பார்த்துத் தர்சிகாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அம்மாவின் கண் நேரே கஜனிடம் போனது. போகாமல் என்ன செய்யும்? வருசப் பிறப்புக்கு எடுத்த புதுச் சட்டை. வாரிய தலை. மாஸ்க்கைத் தாண்டி மணக்கிற சென்ற்.

“தம்பி, நீர் ஏன் வந்தனீர்?”

“நான் வராட்டில் தர்சிகா ஆறு மாதம் காத்திருப்பா எண்டு சேர் போட்டவர், அன்ரி.”

அம்மா அவனுடைய போனை வாங்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாக, இரண்டு தரம் வாசித்தார். “அப்ப இவன்தான் அவன்!”

“அம்மா, உவனுக்காக நான் ஆறு நிமிசமும் காத்திருக்கமாட்டன்” என்றாள் தர்சிகா. “என்ரை தாங்கித் தண்ணியை முடிச்சவனே உவன்தான்!”

அம்மா என் பக்கம் திரும்பினார். “சேர், நீங்கள் பைப் மட்டும்தான் படிப்பிக்கிறீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்.”

கஜன் அந்த ஒரு நிமிடத்தில் பட்டதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவன் இப்போது கட்டாரில் நல்ல வேலையில் இருக்கிறான்.

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தபோது ஓர் உழவு இயந்திரம் வந்து படலையடியில் நின்றது. அதிலிருந்து பி.எச்.ஐ. இறங்கினார். ஊரில் எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிந்துவிடும். விரலால் எண்ணினார்.

“பதினொரு பேர். அஞ்சு பேருக்குத்தான் அனுமதி. எல்லாற்றை பேரையும் எழுதி, நிலையத்தைப் பதினாலு நாளைக்குப் பூட்டப்போறன்.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று இருந்தேன். பின் வேலியில் ஒருவன் ஏற்கெனவே ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டான். என் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது: ‘இவை நிவாரணப் பொதி எடுக்க வந்தவை, ஐயா.’ நல்ல பொய். இலக்கணச் சுத்தமான பொய். ஆனால் அதைச் சொன்னால் பதினொரு பேரும் அந்தப் பொய்யைப் படித்து ஒப்புவிக்க வேண்டும். என் வசனத்தை என் மாணவர்கள் எப்படி விளங்குவார்கள் என்பது அதற்குள் எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அம்மாவிடமிருந்து கஜனின் போனை வாங்கி, அந்தச் செய்தியை அப்படியே பி.எச்.ஐ.யிடம் நீட்டினேன்.

“பிழை என்னுடையது ஐயா. தண்ணி கேட்டு எழுதினனான். ஆக்கள் வந்திட்டினம்.” தர்சிகாவின் கடிதத்தையும் காட்டினேன். அன்றைக்குக் கடைசி நாள் என்றும் சொன்னேன்.

அவர் இரண்டையும் வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி வாசித்தார்.

“இதை எனக்கு அனுப்பியிருந்தால் நானும்தான் வந்திருப்பன்.”

தர்சிகா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பார்த்தது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டியிருந்த பெரிய தாங்கியை.

“ஐயா, அதுக்குள்ள என்ன?”

“குளோரின் தண்ணி, பிள்ளை. பஸ் நிலையத்துக்கு அடிக்கக் கொண்டுபோறம்.”

“புதுப் பைப்புக்கு முதல் குளோரின் தண்ணி விட்டுத்தான் ஐயா கழுவ வேணும். ஆறாம் பாடம். சேர் அனுப்பினவர்.”

ஆம், அனுப்பியிருந்தேன். நான் எழுதிய ஒன்றை நான் நினைத்தபடியே விளங்கிக்கொண்ட முதல் ஆள்.

“நான் ஆக்களைக் கலைக்க வந்தனான்” என்றார் பி.எச்.ஐ. “நீங்கள் என்னட்டைத் தண்ணி கேக்கிறியள்.”

“ரெண்டையும் ஒண்டாச் செய்யலாம் ஐயா” என்றாள்.

அவர் யோசித்தார். நாங்கள் பதினொரு பேரும் அவர் யோசிப்பதைப் பார்த்தபடி நின்றோம். ஒரு கந்தோர்க்காரர் யோசிக்கும்போது பேசக்கூடாது. இதையும் குறித்து வையுங்கள். பிறகு சொன்னார்: நாலு பேர் நிற்கலாம். மற்றவர்கள் ஒரு மீற்றர் இடைவெளியில், கதைக்காமல், இப்போதே வீட்டுக்கு. இயந்திரத்தின் டீசல் எங்கள் கணக்கு.

“தம்பி, நீர் போம்” என்றார் தர்சிகாவின் அம்மா, கஜனைப் பார்த்து. அந்த ‘நீர்’ ஆர் என்பதில் கஜனுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

இயந்திரக்காரர் குழாயைப் போட்டு எங்கள் தாங்கிக்குள் தண்ணீரை விட்டார். அக்கா படிவத்தோடு நின்றார். நான் தாங்கியடியில். மதிப்பீட்டாளரை வீடியோவில் எடுத்தாயிற்று. கதிரையும் செங்கலும் இந்த முறை சரிவராது, ஒவ்வொரு மூட்டாகக் கிட்டக் காட்ட வேண்டும். போன் பிடிக்க மிச்சம் இருந்தவர் அம்மா ஒருவர்தான்.

“அம்மா, உங்கடை முகம்தான் எனக்குத் தெரியுது. போனை மற்றப்பக்கம் திருப்புங்கோ” என்றார் மதிப்பீட்டாளர்.

“நீங்கள் ஆர் தம்பி?”

“நான்தான் சோதிக்கிறவர்.”

“அப்ப வடிவாச் சோதியுங்கோ. இவள் அண்டைக்கு வந்தவளோ?”

“வந்தவ அம்மா! நான் கண்ணால கண்டனான். ரெண்டு மணித்தியாலம் உங்கடை பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

அம்மா போனை மகளின் பக்கம் திருப்பினார்.

தர்சிகா திருகைத் திறந்தாள். ‘உஸ்.’ பிறகு ஒன்றுமில்லை. பத்துச் செக்கன். இருபது. என் கை தானாகத் திருகுக்குப் போனது. பரீட்சையில் நாங்கள் கை வைக்கக் கூடாது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு அந்த இருபது செக்கன் இரண்டு வருடப் பயிற்சியைவிடப் பெரிது.

“காத்து நிக்குது” என்றாள் அவள், எங்களுக்கல்ல, குழாய்க்கு. மேலே இருந்த மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாள். குழாய் இரண்டு தரம் செருமியது. பிறகு வந்தது. நீச்சல்தடாகம் மாதிரி மணந்துகொண்டு, வெள்ளையாக, கைகழுவும் தொட்டி நிறைய.

“வந்திட்டுது! ஒழுக்கு ஏதும் இருக்கோ?” என்றார் மதிப்பீட்டாளர்.

நான் சொல்வதற்கு முன் அம்மா ஒரு கையால் போனைப் பிடித்தபடி, மறு கையை ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் தடவி, உள்ளங்கையைக் காட்டினார். “இஞ்சை பாருங்கோ. காய்ஞ்ச கை. இஞ்சையும் காய்ஞ்ச கை.” ஏழு மூட்டும் முடிந்த பிறகும், குளியலறைச் சுவரின் பின்பக்கம்வரை போய்க் காட்டினார். மகள் எத்தனை மூட்டுப் பூட்டியிருக்கிறாள் என்று அவர் அன்றைக்குத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

“சித்தி” என்றார் மதிப்பீட்டாளர். “எழுதும் தம்பி.”

பேனாவைத் திறந்தேன். அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றார். எழுதினேன்: ‘தண்ணீர் வந்தது. ஒழுக்கு இல்லை. பரீட்சார்த்தி தர்சிகாவும் வந்திருந்தார், இரண்டு நாளும்.’ அக்கா ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

போகும்போது தர்சிகாவின் அம்மா கேட்டார். நக்கலாக அல்ல, அறிய வேண்டுமென்றே கேட்டார்: “எங்கடை வீட்டில தண்ணியைத் தண்ணி எண்டுதான் சேர் சொல்லுறது. கூடப் படிச்சால் பேர் மாறுமோ?”

பதினாறு வருடம் படித்த நான் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அப்பாவும் இதையேதான் கேட்டிருப்பார். நான் எழுதியதை வாசிக்க முடியாததால் மட்டுமே அவர் கேட்கவில்லை.

ஆகவே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் பயிலுநருக்கு ஒரு வரி எழுதினால், அனுப்ப முதல் அதை அவருடைய தாயின் குரலில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். தாய் எங்கே தடக்குகிறாரோ அங்கே பிழை. நல்ல தமிழ் எழுதுவதில் தவறில்லை. அதை வாசித்து ஒருத்தி தன் வேலையை இழக்கக்கூடாது, ஒருவன் சென்ற் பூசிக்கொண்டு வரக்கூடாது.

தர்சிகா திங்கட்கிழமை மண்கும்பானில் வேலைக்குச் சேர்ந்தாள். சித்திக் கடிதம் கையில் இருந்தது. ஆனால் கந்தோர்க் கணினியில் ஒருமுறை ‘வரவில்லை’ என்று விழுந்தவரை ‘வந்தார்’ ஆக்க வழி இல்லையாம். சான்றிதழ் அச்சாக வேண்டுமானால் ஒன்பதாவது பரீட்சார்த்தியாகப் புதிதாகப் பதிய வேண்டும் என்று அந்த மிஸ் சொன்னார். அதற்குக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. தபாலும் அதற்குள் நின்றுபோனதால் மூலப் படிவத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன ஓட்டோ ஆயிரத்து இருநூறு. பி.எச்.ஐ. சொன்ன டீசல் முந்நூறு. வீடியோ அழைப்புக்காகப் போனில் போட்ட ரீலோட் முந்நூற்று ஐம்பது. கஜன் ஐந்நூறு ரூபா தர வந்தான். பிறகு உரிமை கொண்டாடுவான் என்று தர்சிகாவின் அம்மா வாங்க விடவில்லை. அக்காவும் நானும் பாதிப்பாதி போட்டோம். ‘தண்’ என்ற இரண்டெழுத்தை எழுதாமல் விட்டதற்கு எங்களுக்கு எல்லாமாக முடிந்தது மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபா.